அய்யா காட்டிய பெப்பே

என் நிச்சயதார்த்தத்தன்று என்னைப் பெற்ற அய்யாவின் கட்டைவிரல் சரிந்து, கையிலிருந்து தாம்பூலத் தட்டு நழுவி விழுந்தது. வெற்றிலை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம். தேங்காய் மட்டும் உருண்டு போய் மாப்பிள்ளையின் தகப்பனார் தங்கசாமியின் கால் சுண்டுவிரலில் மோதி நின்றது. அவர் கமுதியில் மிளகாய் வெள்ளாமை செய்கிறவர். கோபத்திலும் அந்தக் காரம் உண்டு.

"தட்டு மாத்தும்போதே தட்டு விழுந்தா, நாளைக்குக் குடும்பம் எங்கன போயி நிக்கும்?" என்று எழுந்துவிட்டார். "வெரலச் சரி பண்ணிக்கிட்டுச் சொல்லிவிடுங்க. ஆவணிக்குள்ள ஆகலைன்னா எங்களுக்கு வேற எடம் இருக்கு."

வேற இடம் என்றது பார்த்திபனூரில் ஒரு பெண்ணை. மாப்பிள்ளை முத்தழகு செருப்பை மாட்டும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

என் அய்யா கூத்தையா இராமேஸ்வரம் கோயிலில் தீர்த்தக் கிணறுகளில் வாளி போட்டு இறைத்து யாத்ரீகர்கள் தலையில் ஊற்றுகிறவர். பதினெட்டு வருஷம் கயிறு இழுத்ததில் அவருடைய வலது கட்டைவிரலின் அடி மூட்டு, கழன்ற கதவுக் கீல் மாதிரி ஆடத் தொடங்கியிருந்தது. எதையாவது அழுத்திப் பிடித்தால் விரல் வெளிப்பக்கமாகச் சரிந்துவிடும். காசியிலிருந்து வந்த ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு புண்ணியத்துக்குக் காத்திருக்க, தண்ணீருக்கு முன்னால் வாளியே அவர் தலையில் இறங்கியதும் உண்டு. பாவம், அதுவும் ஒரு சடங்கு என்று நினைத்து அய்யாவைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்து ஒரு வைத்தியர் கட்டுப் போட்டார். பதினைந்து நாள் கழித்து அவிழ்த்தால் விரல் பழையபடி ஆடியது. எறும்பு வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மதுரைக்குப் போனோம். ஆஸ்பத்திரி டாக்டர் விரலை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"மூட்டைப் பிடிச்சு நிறுத்துற நார் அறுந்து ரொம்ப நாளாச்சு. தைச்சாலும் நிக்காது. ரெண்டு எலும்பையும் ஒண்ணாச் சேர்த்துக் கம்பி போட்டுடலாம். அப்புறம் ஆடாது. ஆனா அந்த மூட்டு மடங்கவும் மடங்காது. எந்த நிலையில வைக்கிறேனோ காலத்துக்கும் அப்படியேதான் இருக்கும். உங்க வேலைக்கு எப்படி வேணும்னு நாளைக்கு வந்து பிடிச்சுக் காட்டுங்க."

என் அம்மா கருத்தம்மாள் அன்று சாயங்காலமே இரண்டு முழம் வாளிக்கயிறு வாங்கி வந்து அய்யாவின் தலைமாட்டில் வைத்தாள். மறுநாள் அய்யா டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவர் கையில் எங்கள் சோற்றுத் தட்டு இருந்தது. கயிறு வைத்த இடத்திலேயே கிடந்தது.

"கயித்த விட்டுட்டு இத எதுக்குத் தூக்கிட்டுப் போனீக?" என்றாள் அம்மா.

"கஞ்சி குடுப்பாகளோன்னு," என்றார் அய்யா.

விரலுக்குள் கம்பி போட்ட செய்தி எங்களுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்து, கூத்தையா மதுரையில் கம்பி எண்ணுகிறாராம் என்று ஆகியிருந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மாவுக்கட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. முழங்கை வரை கட்டு. நாலு விரலும் வெளியே சும்மா இருக்க, கட்டைவிரல் மட்டும் வெள்ளை வெளேரென்று விறைத்துக்கொண்டு நின்றது. எங்கள் பக்கத்தில் கட்டைவிரலை நிமிர்த்தி ஆட்டினால் ஒரே அர்த்தம்தான். பெப்பே! உனக்கு ஒன்றும் கிடையாது, போ!

திரும்பி வரும்போது ரயிலில் பரிசோதகர் டிக்கெட் கேட்டார். டிக்கெட் அம்மாவிடம் இருக்கிறது என்று அய்யா கையால் காட்டினார். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கும்வரை அந்த மனிதர் எங்களை முறைத்துக்கொண்டே நின்றார்.

ஆடி அமாவாசைக்குக் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். தன் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுக்கத் தங்கசாமியும் வந்திருந்தார். கடலில் முங்கி எழுந்தவர் தூரத்தில் அய்யாவைப் பார்த்துவிட்டார். அன்று நல்ல மனசு போலிருக்கிறது.

"சம்பந்தி! ஆவணியில தட்டு மாத்திரலாமா?" என்று கத்தினார்.

அய்யாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சத்தத்தில் சொன்னால் கேட்காதென்று கையை உயரத் தூக்கி ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார்.

அரை மணி நேரத்தில் தங்கசாமி ஈர வேட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"பொண்ணு கேட்டா பெப்பே காட்டுறீகளோ? அதுவும் எங்கய்யாவுக்குத் திதி குடுக்குற நாளையில? ஊரே பாக்குதுய்யா!"

"அய்யய்யோ, இல்ல சம்பந்தி..." அய்யா சமாதானம் சொல்லக் கையைத் தூக்கினார்.

"இந்தா, மறுபடியும்!"

"இது கட்டுங்க..." கை இன்னும் மேலே போனது.

"வீட்டுக்கு வந்தவன் மூஞ்சிக்கு நேராவே காட்டுறாரு! பார்த்திபனூருக்குச் சொல்லிவிட்டுர்றேன்!"

அய்யாவுக்குக் கை அசையாமல் பேச வராது. நான் அடுப்படியில் நின்று அழுதேன். விரல் ஆடியபோதும் என் குடியைக் கெடுத்தது, ஆடாதபோதும் கெடுக்கிறதே என்று அந்தப் பாழாய்ப்போன விரலைத் திட்டித் தீர்த்தேன்.

அய்யா சட்டென்று உள்ளே வந்து பித்தளைத் தாம்பாளத்தை எடுத்தார். அதன் விளிம்பைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் செருகினார். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. இடது கையால் இரண்டு தேங்காய், ஒரு சீப்புப் பழம் என்று அடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்த் தங்கசாமியின் எதிரில் நீட்டினார்.

"தட்டிப் பாருங்க."

தங்கசாமி யோசிக்காமல் அடியிலிருந்து ஒரு தட்டுத் தட்டினார். தேங்காய் துள்ளியது. தாம்பாளம் அசையவில்லை.

"எப்படி வைக்கணும்னு டாக்டரு கேட்டாரு. தட்டப் புடிச்சுக் காட்டுனேன்," என்றார் அய்யா. "சாகுறவரைக்கும் இந்த வெரலு இப்படித்தான் நிக்கும் சம்பந்தி. இனி உங்க முன்னால தட்டு விழாது."

தங்கசாமி விரலைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எறக்கி வைங்க சம்பந்தி. ஆடியில தட்டு மாத்தக் கூடாது. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வாரேன்."

இறக்கி வைப்பதுதான் கஷ்டமாகிவிட்டது. அந்த விரலிலிருந்து தாம்பாளத்தை உருவ அம்மாவும் தங்கசாமியும் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது.

ஆவணியில் தட்டு விழவில்லை. ஐப்பசியில் கல்யாணம் முடிந்து, கமுதிக்குக் கிளம்புமுன் நானும் என் வீட்டுக்காரரும் கோயிலில் தீர்த்தமாடப் போனோம். மாவுக்கட்டு பிரித்து அய்யா வேலைக்குத் திரும்பியிருந்தார். அவர் இழுக்கிறதைப் பார்த்தேன். இடது கைதான் இழுத்தது. வலது கையில் நாலு விரல் கயிற்றைப் பிடித்திருக்க, கட்டைவிரல் தனக்குச் சம்பந்தமில்லாத வேலை மாதிரி ஒதுங்கி நின்றது. ஒரு வாளிக்கு இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"ஏய்யா, ஒங்க வேலைக்கு எப்படி வேணும்னுதான டாக்டரு கேட்டாரு? கயித்தக் காட்டியிருக்கக் கூடாதா?"

அய்யா வாளித் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு நான் கண்ணைத் திறந்தபோது, வலது கையைத் தூக்கி அந்தக் கட்டைவிரலை என் மூக்குக்கு நேராக ஆட்டிக்கொண்டிருந்தார்.