அறுபத்தைந்து கிலோ மணல்

குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் நான். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், தரம் பார்க்கும் பிரிவில் இருபத்தாறு வருஷமாக வேலை. கறுப்புப் பலகையில் நூலைச் சுற்றி வெளிச்சத்தில் நிறுத்தி, எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று எண்ணி எழுத வேண்டும். நன்றாக இருக்கிற நூலைப் பற்றி எழுத அந்தத் தாளில் இடமே கிடையாது.

என் மனைவி பரிபூரணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம் தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தவளுக்கு முதுகுவலி வந்தது. காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். என் சின்னக் கார் அதற்குள் ரோட்டுப் பள்ளங்களில் அடிபட்டு அடிபட்டு ஸ்பிரிங் உட்கார்ந்து, பஸ்ஸே தேவலை என்கிற கதிக்கு வந்திருந்தது. இரண்டு நாள் ஏறிப் பார்த்தாள். "இந்தக் குலுக்கல்ல என் முதுகு தாங்காதுங்க. சரியாகுற வரைக்கும் அக்கா வீட்டுல இருக்கேன்" என்று ஒரு பெட்டியோடு போனாள். அக்கா செல்லக்கனி ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருந்தார். பரிபூரணம் போனது தொண்ணூற்று ஒன்றில். இது தொண்ணூற்று நான்கு.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மூன்று வருஷமாக ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாயங்காலம் மில்லிலிருந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த இடத்திலேயே எல்லாம் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தான். அது கிடைத்த பிறகு அந்த வீட்டுக்குள் நுழையவே எனக்குப் பிடிக்கவில்லை.

கோளாறு முதுகில் பாதி, காரில் பாதி; முதுகை டாக்டர் பார்த்துக்கொள்வார், காரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். கார் குலுங்காவிட்டால் அவள் வீட்டுக்கு வந்துவிடுவாள். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

செட்டியார்பட்டி ரோட்டில் நைனா முகமது பட்டறை வைத்திருந்தார். கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். விஷயத்தைச் சொன்னேன். பட்டறையில் வைத்து யாரிடமும் வீட்டு விஷயம் பேசாதவன், அவரிடம் ஏனோ எல்லாவற்றையும் சொன்னேன்.

"பழையபடி கம்பெனி சாமானையே மாட்டுனா ரெண்டு வருஷத்துல மறுபடி இதே கததான் சார்," என்றார் அவர். "கோயம்புத்தூர்ல ஒரு செட்டு இருக்கு. ஷாக் அப்சார்பர் மேல ஸ்பிரிங்கு. கீழ கிண்ணத்துல மரை போட்டிருக்கும். திருகுனா வண்டி ஏறும், இறங்கும். பந்தயக்காரன் கல்லு மாதிரி ஸ்பிரிங்கு கேப்பான். நமக்கு மெதுவான ஸ்பிரிங்கா போட்டு வாங்கிருவோம். டீச்சரம்மா தொட்டில்ல போற மாதிரி போவாவ."

செட் வந்து சேரப் பத்து நாள் ஆனது. மாட்ட இரண்டு நாள். நான் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். இந்த போல்ட் இறுகவில்லை, அந்த வாஷர் வளைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நைனா முகமது ஒவ்வொன்றையும் கழற்றிக் காட்டிவிட்டு மறுபடி மாட்டினார். பொறுமைசாலி.

ஓட்டிப் பார்த்தால் குலுக்கல் போன இடம் தெரியவில்லை. ஆனால் கார் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு ஓடியது. ஸ்டியரிங்கைப் பிடித்த கையைக் கொஞ்சம் தளர்த்தினால் ஓரத்துப் புளியமரத்தைப் பார்த்துப் போனது.

"உயரத்த மாத்துனா சக்கரமும் கோணத்தான் செய்யும். இனிமேதான் வேலையே இருக்கு," என்றார்.

சக்கரத்தை அளந்து நேராக்க மதுரையில் மெஷின் வந்துவிட்டதாகப் பேச்சு. நைனா முகமதிடம் இருந்தவை நாலு இரும்பு ஸ்டாண்டு, ஒரு ஸ்டீல் ஸ்கேல், கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு. நூல் மட்டும் நான் மில்லிலிருந்து கொண்டுபோனேன். காரின் இரண்டு பக்கமும் தரைக்கு ஒட்டினாற்போல நூலை விறைப்பாகக் கட்டினார். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்பு எவ்வளவு தூரம், பின்விளிம்பு எவ்வளவு தூரம் என்று அளந்தார். சக்கரத்துக்கு மேலிருந்து குண்டைத் தொங்கவிட்டு அதன் சாய்வைப் பார்த்தார். பிறகு எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"சார், வண்டியில தெனமும் யார் யார் போவிய?"

"நானும் அவளும்தான்."

"அவிய எடை எம்புட்டு இருக்கும்?"

ஆள் ஏறினால் கார் அமுங்கும், அமுங்கினால் சக்கரத்தின் சாய்வு மாறும், அதனால் வெறும் வண்டியில் அளவு வைப்பதில்லை என்பது அவர் பழக்கம். பந்தயத்தில் டிரைவரை உட்காரவைத்துத்தான் அளவெடுப்பார்களாம். அவள் எடை எனக்குத் தெரியும். டாக்டரிடம் கூட்டிப்போனபோது நான்தான் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தேன்.

"அறுபத்தஞ்சு," என்றேன்.

பழைய பேப்பர் கடைத் தராசில் நிறுத்து, அறுபத்தைந்து கிலோ மணலைச் சாக்கில் கட்டி இடது பக்கத்து சீட்டில் வைத்தார். என்னை ஸ்டியரிங் முன்னால் உட்காரச் சொன்னார். "அசையாம இருங்க சார், செத்த நேரம்" என்று அடியில் புகுந்தார்.

முக்கால் மணி நேரம் அப்படி உட்கார்ந்திருந்தோம், நானும் மூட்டையும். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வந்தது. ஒரு தடவை மூட்டை லேசாகச் சரிந்து என் தோளில் வந்து சாய்ந்தது. தள்ளிவிடலாம், அளவு கெட்டுப்போகும் என்று விட்டுவிட்டேன். அளவுக்காக மட்டும்தான் விட்டேன் என்று சொன்னால் அது பொய். அந்த சீட்டில் மூன்று வருஷமாக யாரும் உட்கார்ந்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். பரிபூரணம் வெளியே வந்து பார்த்தாள்.

"ஒரு நடை ஏறிப் பாரேன். கிருஷ்ணன்கோவில் வரைக்கும் போயிட்டு வருவோம்," என்றேன்.

யோசித்துவிட்டு ஏறினாள். கதவைச் சாத்தினாள்.

"மெதுவா சாத்து. புதுசா எல்லாம் அளவு வச்சிருக்கு," என்றேன்.

கிளம்பியதும் கார் இடது பக்கம் லேசாக இழுத்தது. எனக்குச் சுருக்கென்றது. மணல் மூட்டையோடு ராஜபாளையத்துக்குள் ஓட்டிப் பார்த்தபோது நூல் பிடித்த மாதிரி நேராகப் போன கார்.

"எடை கூடிட்டியோ?"

"ஆமா. எட்டு கிலோ கூடிருக்கேன்."

"அதான் இழுக்கு. முன்னமே தெரிஞ்சிருந்தா அதுக்குத் தக்கன வச்சிருப்பேன்."

கைப்பையை முன்னால் டேஷ்போர்டு மேல் வைத்தாள். அது சரியும் என்று எடுத்து அவள் மடியில் வைத்தேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். புழுதி வரும் என்றேன். ஏற்றிக்கொண்டாள். வேண்டுமென்றே மோசமான இடமாகப் பார்த்து ஓட்டினேன். வழக்கமாக எலும்பை எண்ணுகிற பள்ளங்களில் கார் மெத்தென்று இறங்கி ஏறியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். முதுகை சீட்டில் நன்றாகச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கிருஷ்ணன்கோவிலில் காரை ஓரங்கட்டி, "எப்படி இருக்கு?" என்றேன்.

"நல்லா இருக்கு. குலுக்கலே இல்ல."

"முதுகு?"

"முதுகு சரியாயி ஒண்ணர வருஷம் ஆச்சுங்க."

நான் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. முந்தின நாளே மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்ததை அப்படியே சொன்னேன். "இனிமே தெனமும் காலையில நானே ஸ்கூல்ல கொண்டுவந்து விடுதேன். ஷிப்ட் மாத்திக் கேட்டிருக்கேன். இன்னைக்கே பெட்டிய எடுத்துக்கோ."

ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போனது.

"முதுகுவலின்னு சொன்னா உங்களுக்கும் மரியாத, எனக்கும் மரியாதன்னு நெனச்சேன்," என்றாள். கோபம் இல்லாத குரல், வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. "வண்டியச் சரிபண்ணிட்டு வந்து நிக்கிய. இனி நான் என்னத்தச் சொல்ல?"

"என்ன சொல்லணும்?"

"அங்க இருக்கும்போது ஒரு டம்ளரக் கீழ வைக்கணும்னாலும் உங்க மூஞ்சியப் பாத்துட்டுத்தான் வைப்பேன். சத்தம் வந்திருச்சோன்னு. பத்தொம்பது வருஷம் பாத்தேன். அக்கா வீட்டுல அதெல்லாம் பாக்குறதில்ல. நல்லாத் தூங்குதேன். நல்லாச் சாப்பிடுதேன்." நிறுத்திவிட்டு, "நீங்க கெட்டவுக இல்ல. ஆனா நான் வரமாட்டேன்," என்றாள்.

கதவு, கைப்பை, கண்ணாடி, எட்டு கிலோ. அரை மணி நேரத்துக்குள் நான் சொன்னதெல்லாம் அப்போதுதான் என் காதுக்கே கேட்டது. இனிமேல் சொல்லமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பமாட்டாள் என்பது மட்டுமில்லை, நானே நம்பியிருக்கமாட்டேன். காரைத் திருப்பினேன். அக்கா வீட்டு வாசலில் இறங்கி, "பாத்துப் போங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மில்லிலிருந்து திரும்பும்போது நைனா முகமது பட்டறை வாசலில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார். ஆவலாக ஓடிவந்து ஜன்னலில் குனிந்தார்.

"டீச்சரம்மா ஏறிப் பாத்தாவளா சார்? என்ன சொன்னாவ?"

"இன்னும் குலுங்குதுன்னு சொல்லுதா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் வரமாட்டாள் என்பதைவிட அது வாய்க்குச் சுலபமாக வந்தது. அவர் முகம் சுருங்கிப்போனது. பத்து நாள் காத்திருந்து வாங்கி, நான் சொன்ன குறைக்கெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டிய மனுஷன்.

"அப்படி இருக்காதே," என்றார் மெதுவாக. "உள்ள விடுங்க சார். என் கைவேலையிலதான் எங்கயோ பிசகிருக்கும். பாத்திருவோம்."

மறுபடி நூல் கட்டினார். மறுபடி அளந்தார். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. அட்டையை விரித்துப்போட்டு அடியில் நுழைந்தார். ஒவ்வொரு போல்ட்டாக ஸ்பேனர் போட்டுப் பார்த்தார். "இது இறுக்கமாத்தான் இருக்கு... இதுவும் சரியாத்தான் இருக்கு..." என்று தனக்குத்தானே பேசிக்கொள்வது கேட்டது. கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. இல்லாத குறையைத் தேடி ஒரு மனுஷன் தன் கைமேலேயே சந்தேகப்பட்டு மண்ணில் புரள்கிறார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வருஷம் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது.

"பாய், வெளிய வாங்க," என்றேன். "வண்டியில ஒண்ணும் இல்ல. நீங்க பாத்த வேலையில ஒரு குறையும் இல்ல. அவ வரமாட்டேன்னுட்டா."

ஸ்பேனர் சத்தம் நின்றது. அவர் உடனே வெளியே வரவில்லை. நான் கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்து, மூக்கை உறிஞ்சி முடிக்கிற வரைக்கும் காருக்கு அடியிலேயே படுத்திருந்தார்.