ஓரகத்தியின் கேமராக்கள்

மூத்த மருமகள் வந்தபோதே அது மாமியார் இல்லாத வீடு. சாவிக்கொத்து நேராக அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. பல வருஷம் கழித்து இளையவள் வந்தாள். ஒரு பெட்டியில் துணி, இரண்டு பெட்டியில் கேமரா.

எல்லாம் பழைய சினிமா கேமராக்கள். கல்யாணம் காட்சி, பிள்ளைகளின் விளையாட்டு என்று வீட்டு விசேஷங்களைப் படம் பிடிக்க ஒரு காலத்தில் வசதியுள்ளவர்கள் வாங்கி வைத்தவை. கடிகாரத்துக்குக் கொடுப்பதுபோல் பக்கவாட்டில் சாவி கொடுத்தால் அரை நிமிஷம் கிர்ரென்று ஓடும். இளையவளுக்குச் செயற்கைப் பல் செய்யும் லேப்பில் வேலை. நாள் முழுக்க யார் யாருடைய பல்லையோ மெழுகில் செதுக்குகிற கை அது. இறுகிப்போன ஸ்பிரிங்கைக் கழற்றித் துடைத்து ஓட வைப்பது அவளுக்கு விளையாட்டு. வாங்கி அலமாரியில் அடுக்கி அழகு பார்க்கிறவளும் இல்லை. ஒவ்வொன்றிலும் பிலிம் போட்டு எடுத்து, தானே மருந்தில் கழுவி, சுவரில் ஓட்டிப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

மூத்தவளுக்கு அந்தக் கிர் சத்தம் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

"கையில இருக்கிற போன்ல எடுத்தா என்ன குறைஞ்சா போயிடும்? வீடு பூரா மருந்து நாத்தம். வர்றவங்க இது வீடா ஆஸ்பத்திரியான்னு கேக்கறாங்க" என்பாள். மருந்து நாற்றம் உண்மைதான். குளியலறைத் தரையில் பழுப்புக் கறை படிந்திருந்ததும் உண்மைதான். அதைத் தேய்த்துக் கழுவியவள் மூத்தவள்தான்.

பெரிய சண்டை பிரிட்ஜில் ஆரம்பித்தது. பிலிம் சூட்டில் கெட்டுவிடும் என்று இளையவள் அதன் அட்டைப்பெட்டிகளைக் கீழ்த்தட்டின் ஓரத்தில் வைத்திருந்தாள். ஒருநாள் வேலையிலிருந்து வந்து பார்த்தால் பெட்டிகள் ஜன்னல் விளிம்பில் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"யாரு எடுத்தது?"

"நான்தான். பிரிட்ஜு பாலுக்கும் காய்க்கும். உன் விளையாட்டுச் சாமானுக்கு இல்ல."

 மறுநாள் காலையில் இளையவள், மூத்தவள் இரவுக்கென்று செய்து வைத்திருந்த குழம்புப் பாத்திரத்தை வெளியே எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெட்டிகளை அடுக்கிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் குழம்பு நுரைத்துப் போயிருந்தது. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து ஓரகத்திகள் முகம் பார்த்துப் பேசுவது நின்றது. மூத்தவளின் மகள்தான் நடுவில் தபால்காரி. "அம்மா கேஸ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லச் சொன்னாங்க சித்தி." "எனக்கும் கண்ணு இருக்குன்னு சொல்லு."

அந்தப் பெண் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புகளில் இருந்தாள். நல்ல நீச்சல்காரி. சில மாதங்களுக்கு முன்னால் காதில் சீழ் கட்டி ஆபரேஷன் ஆனது. ஒரு வருஷம் தண்ணீரில் தலை முங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூத்தவள் நீச்சல் உடையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். மகள் தோழியிடம் ஒன்றை இரவல் வாங்கி, காதில் அடைப்பான் வைத்துக்கொண்டு, ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு நீச்சல் குளத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். சித்திக்கு மட்டும் தெரியும்.

"போட்டி வருது சித்தி. நீங்க வந்து எடுக்கணும். அந்தச் சின்ன கேமராவுல. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

இளையவளுக்கு அந்தப் பெண்ணின் மேல் பிரியம் உண்டு. ஆனால் பிரியம் மட்டும் இல்லை. சாவிக்கொத்துக்காரிக்குத் தெரியாத ஒன்று அந்த வீட்டில் தன் கையில் இருக்கிறது என்பது நாக்கில் கற்கண்டு போல இருந்தது. லீவு போட்டுவிட்டுப் போய், குளத்தின் ஓரத்தில் முட்டி போட்டு, சாவி கொடுத்துக் கொடுத்து எடுத்தாள். பெண்தான் முதலில் வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிலிமைக் கழுவ உட்கார்ந்தாள். வீட்டுக்கு ஒரே குளியலறை. ஜன்னலில் கறுப்புத் துணி, கதவடியில் துண்டு. விளக்குச் சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்ததால் அதன் மேல் அகலமான டேப்பை ஒட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்தாள். இருட்டில் பிலிமைச் சுருளிலிருந்து அவிழ்த்து மடியில் போட்டுக்கொண்டு, கழுவுகிற டப்பாவுக்குள் கையால் தடவித் தடவிச் சுற்றத் தொடங்கியபோது கதவு தட்டப்பட்டது.

"துணி ஊறப்போட்டது உள்ள இருக்கு. திற." பல நாள் கழித்து மூத்தவள் நேராகப் பேசிய பேச்சு அது.

"கொஞ்ச நேரம் பொறுங்க. பிலிம் வெளியே கிடக்கு. வெளிச்சம் பட்டா போயிடும்."

"நீ இருட்டுல உக்காந்து விளையாடற வரைக்கும் என் வீட்டு வேலை காத்துக் கிடக்கணுமா?"

"உங்க வீடு மட்டுமில்ல. என் வீடும்தான்."

 வெளியே டேப் உரிகிற சத்தம் கேட்டது. விளக்கு எரிந்தது.

"அணைங்க" என்றாள் இளையவள். மூத்தவள் அணைக்கவில்லை. விரலைச் சுவிட்சிலிருந்து எடுக்காமல் நின்றாள். மடியில் கிடந்த பிலிமை இளையவள் முந்தானையால் மூடினாள். மூடி என்ன செய்ய?

ஆனாலும் கழுவினாள். ஒரு ஓரமாவது பிழைத்திருக்கும் என்ற நப்பாசை. நுனி முதல் நுனி வரை தார் பூசினாற்போல் வந்தது. அதை அப்படியே ஈரத்தோடு எடுத்துக்கொண்டு போய், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேசையில், மூத்தவள் தட்டுக்கு முன்னால் போட்டாள்.

"பாருங்க. யாரைக் கொன்னிருக்கீங்கன்னு தெரியுமா? இதுல இருந்தது உங்க பொண்ணு. நீச்சல்ல முதல்ல வந்தா. ஊரே கை தட்டுச்சு. நீங்கதான் இல்ல."

பெண் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

மூத்தவள் கறுத்த சுருளைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். "தண்ணிக்குள்ள போனியா?"

பெண்ணின் கை தானாகக் காதுக்குப் போனது.

மூத்தவள் மெதுவாக இளையவள் பக்கம் திரும்பினாள். "காதைக் கிழிச்சுத் தச்ச பொண்ணு. ராத்திரி ராத்திரி அவ கத்தினது மாடியில உனக்குக் கேக்கலையா? அவளைத் தண்ணியில விட்டுட்டு நீ கரையில நின்னு படம் எடுத்தியா? நாளைக்கு அவளுக்குக் காது போனா அந்தக் கேமராவா கேட்டுச் சொல்லும்?"

 வீசியெறிந்த கல் இப்படித் திரும்பும் என்று இளையவள் நினைக்கவில்லை.

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க சித்தி" என்றாள் பெண். அழவில்லை. "ஒரு வருஷம் முடிஞ்சு டாக்டர் சரின்னதும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டலாம்னுதான் எடுக்கச் சொன்னேன். உங்க சண்டைக்கு நான்தான் கிடைச்சேனா?" அம்மாவைப் பார்த்தாள். "உங்களுக்கும்தான் சொல்றேன்." எழுந்து கை கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு எரிந்தது. தபால்காரி வேலையை விட்டுவிட்டாள். இளையவள் மாடியில் எந்தக் கேமராவுக்குச் சாவி கொடுத்தாலும் கீழே பெண்ணின் அறைக்கதவு சாத்தப்படுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நாளில் தம்பி வேறு வீடு பார்த்தான். சாமான் ஏற்றிய அன்று மூத்தவள் காய் நறுக்கிக்கொண்டே இருந்தாள். அண்ணன் மட்டும் லாரி வரை வந்து, கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

மறு வருஷம் டாக்டர் சரி என்றார். பெண் மறுபடி போட்டிக்கு வருகிறாள் என்று கணவன் மூலம் இளையவளுக்குத் தெரிந்தது. இருப்பதிலேயே நல்ல கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். அழிந்ததைத் திரும்ப எடுத்துக் கொடுத்தால் எல்லாம் கொஞ்சம் இளகும் என்று நினைத்திருந்தாள். படிக்கட்டு இருக்கைகளில் மூத்தவள் மடியில் துவாலையுடன் உட்கார்ந்திருந்தாள். இளையவள் நான்கைந்து ஆள் தள்ளி இடம் பிடித்து, கேமராவைக் கண்ணில் வைத்தாள்.

கேமராக் கண்ணாடிக்குள் பெண் இவளையே பார்த்தாள். பிறகு பயிற்சியாளரிடம் ஏதோ சொன்னாள். அவர் படியேறி வந்தார்.

"அதை உள்ள வைங்கம்மா. அந்தப் பொண்ணு தன்னை எடுக்க வேண்டாங்குது."

"நான் அவ சித்தி."

"சொல்லிச்சு. சித்திதான், ஆனா எடுக்க வேண்டாம்னு சொல்லிச்சு."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இளையவள் கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். வெளியே போக மூத்தவளைத் தாண்டித்தான் போக வேண்டும். மூத்தவள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள். குளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "போ" என்றாள்.

வாசலைத் தாண்டும்போது உள்ளே விசில் ஊதியது. இளையவள் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தாள்.