யன்னலை உரஞ்சுமுன்

1

என் கைப்பையில் ஒரு சோதனை அறிக்கை நான்காக மடித்துக் கிடக்கிறது. அதை உரியவரிடம் கொடுக்கத் தைரியம் வராததால் இந்தக் கதையை எழுதத் தொடங்கினேன்.

2

முதல் தொடக்கம்: கனடாவில், ரொறன்ரோவின் கிழக்கே, 1948இல் கட்டிய வீடொன்றின் யன்னலில் ஏழு நிறங்கள் படிந்திருந்தன. ஒவ்வொரு நிறமும் ஒரு குடும்பத்தின்—

(கைவிட்டேன். அழகாகத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்ததோ அடியிலிருந்த நிறத்தைப் பற்றி மட்டும்.)

இரண்டாவது: அந்த வீட்டின் பேஸ்மென்ரில், நிலக்கீழ்த் தளத்தில், வாடகைக்கு இருக்கிறேன். ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. மேல்தளத்தில் செலீன் அக்காவும் அவருடைய பத்து மாத மகனும். அவன் யன்னல் விளிம்பைப் பிடித்து எழும்புவான். நின்றதும் அதைக் கடிப்பான். போன சனிக்கிழமை அங்கே உதிர்ந்த ஒரு பெயின்ற் சில்லை எடுத்துவைத்து, வேலை நாளில் கொண்டுபோய்ச் சோதித்தேன். ஈயம்.*

* 1960க்கு முன் கட்டிய வீடுகளில் வழக்கமானதுதான். உறுதியாகப் படிந்திருக்கும் பெயின்ற், கடிக்காதவரை, பெரும்பாலும் தீங்கு செய்யாது. உரஞ்சினால் தூசாகும். தூசு தரையில் படியும். தவழும் பிள்ளையின் கை தரையிலும் வாயிலும்தான் இருக்கும். உள்ளே போகும் ஈயம் பிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும்.

3

வீட்டுக்காரரை முதலில் கஞ்சனாக எழுதினேன். கதை இலகுவாக ஓடியது. ஆனால் உண்மையான அகஸ்ரின் அங்கிள், பனி கொட்டினால் பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து வந்து, நாங்கள் வழுக்கி விழாதிருக்க எங்கள் படிகளுக்கு உப்புப் போடுகிறவர். கிறிஸ்மஸுக்கு முன் மேல்தள யன்னலின் பழைய பெயின்ரை உரஞ்சி எடுத்துப் புதிதாகப் பூச நினைத்திருந்தார். போன சனிக்கிழமை அவரிடம் கேட்டேன்:

"மேலால பூசினால் காணாதோ, அங்கிள்?"

"குளிக்காமல் புதுச்சட்டை போடுறதே? பெடியனுக்கு முதல் நத்தார், பிள்ளை. வாற சனி வந்து மரம் தெரிய உரஞ்சி விடுறன்."

"இல்லை, அந்தப் பழைய பெயின்ற்..."

"சயன்ஸ் படிச்சால் உதுதான் கரைச்சல். பெயின்ரிலயும் கிருமி தேடுறீர்!"

சிரித்தார். நானும் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை மூன்று முறை அழித்தேன். திரும்ப எழுதிவிட்டேன். நடந்தது அதுதான்.)

4

விதிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம் என்று தேடினேன். வாடகைக்கு விடுமுன் ஈயத்தைச் சோதித்தே ஆகவேண்டும் என்ற நேரடி விதி எதுவும் இங்கே என் கண்ணில் படவில்லை. வீட்டைப் பாதுகாப்பாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று இருந்தது. ஆபத்து எதுவென்று அவருக்கு யாராவது சொல்லவேண்டும்.

5

கதைக்கு யோசித்த முடிவுகள்:

(அ) அறிக்கையை அவருடைய கார்க் கண்ணாடியில் செருகிவிட்டு ஓடுகிறேன். பார்க்கிங் ரிக்கற் என்று நினைத்து, பார்க்காமலே பொக்கற்றில் வைக்கிறார்.

(ஆ) செலீன் அக்காவிடம் மட்டும் சொல்கிறேன். அவர் வீடு மாறுகிறார். அடுத்த குடும்பத்துக்காக அங்கிள் இன்னும் கவனமாக உரஞ்சுகிறார்.

(இ) நான் மேலே போய்—

6

இன்று சனிக்கிழமை. செலீன் அக்கா மகனோடு மார்க்கம் நகருக்குப் போயிருக்கிறார். நாலு மணிக்கு வந்துவிடுவார். மேலே ஏணி இழுபடுகிறது. பிறகு மரத்தில் சான்ட்பேப்பர், ஓர் இழுப்பு. நிற்கிறது.

"பிள்ளை, நிக்கிறீரோ? பழைய துணி ஏதும் கிடக்கே?"

"ஓம் அங்கிள். கொஞ்சம் பொறுங்கோ, உரஞ்சாதேங்கோ. வாறன்."

என் குரல்தான். தூசு பறக்காமல் துடைக்கத் துணியை நன்றாக நனைத்துப் பிழிந்துவிட்டேன். மற்றக் கையில் அறிக்கை. இரண்டு கையும் நிறைந்துவிட்டதால் (இ)யை உங்களிடம் விடுகிறேன். என்னை எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள். அவரைக் கஞ்சனாக்கி விடாதீர்கள்.

நாலு மணிக்குள் முடித்துவிடுங்கள்.