டேப் சுற்றிய ஒயர்

1999 நவம்பர் கடைசி வாரத்தில் செங்கல்பட்டில் மாலை ஆறு மணிக்குள் இருட்டிவிட்டது.

அதில் ஒரு நாள் பொழுது சாயும் வேளையில் கல்யாணி டீச்சர் தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு உலகநாதனின் கடைக்கு வந்தார். டூவீலர் பேட்டரி, லைட், ஹாரன் வேலைகள் பார்க்கும் கடை அது.

"செல்ஃப் அமுக்கினா கருகுற வாசனை வருதுங்க. போன மாசம்தானே பேட்டரி ஒயர் மாத்தினீங்க?"

உலகநாதன் பக்கவாட்டு மூடியைக் கழற்றினார். பேட்டரியிலிருந்து போன ஒயர் உருகி, இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக் கிடந்தது. அவர் போட்டதுதான். பென்சில் தடிமனில் இருக்க வேண்டிய இடத்தில் அதில் பாதிகூட இல்லாத ஒயர். வண்டிக்காரர்கள் விரலால் நசுக்கித்தான் தடிமன் பார்ப்பார்கள். அதற்காகவே கறுப்பு டேப்பை நாலைந்து சுற்று கூடுதலாகச் சுற்றியிருந்தார்.

அதே சுருளிலிருந்து வெட்டிய ஒயரில்தான் அன்று மதியம் ஏசுபாதத்தின் பைக்குக்கு இரண்டு பெரிய விளக்குகள் கட்டிக் கொடுத்திருந்தார். பியூஸும் வைக்கவில்லை. ஒயர் போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில். மாமல்லபுரத்து மீன் வியாபாரியான ஏசுபாதம், மனைவி சம்பூர்ணத்தைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சற்று முன்புதான் ஊருக்குக் கிளம்பியிருந்தார். வெளிச்சம் இருக்கும்வரை பயமில்லை. இருட்டினால் விளக்கைப் போடுவார்.

"டீச்சர், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை உதைத்தார்.

திருக்கழுக்குன்றம் சாலையில் முன்னே போன ஒவ்வொரு பைக்கையும் ஏசுபாதத்தின் வண்டியோ என்று உற்றுப் பார்த்தார். இல்லை. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. செங்கல்பட்டைத் தாண்டியதும், தூரத்தில் புளியமரங்களின் மேல் வெள்ளையாக ஒரு வெளிச்சம் ஓடியது.

"அண்ணாத்த! லைட்ட அணை! வண்டிய நிறுத்து!"

ஏசுபாதம் நிறுத்தினார். சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"இன்னா நைனா, ரேஸு வுட்டுகினு வர? வெளிச்சத்தப் பாத்தியா, பிளேனு எறங்குற மாதிரி கீது!"

சம்பூர்ணம் சிரிக்கவில்லை. "அப்பத்துலேர்ந்து ஏதோ கருகுதுன்னு சொல்லிகினே வரேன். மீன் மோந்த மூக்குக்கு இன்னா தெரியும்னு நக்கலு பண்றாரு."

உலகநாதன் சீட்டைத் தூக்கினார். டேப் பாகாக இளகி, டேங்கின் அடியில் புகைந்துகொண்டிருந்தது. வெறுங்கையாலேயே ஒயரைப் பேட்டரியிலிருந்து பிடுங்கினார். விரலில் தோல் உரிந்தது.

"பெரிய ஒயர் இல்ல. சின்னதப் போட்டு டேப்பு சுத்திட்டேன்" என்றார்.

ஏசுபாதம் குனிந்து டேங்கின் அடியைத் தொட்டுப் பார்த்தார். சம்பூர்ணம் உலகநாதன் பக்கம் திரும்பினார்.

"அழுகின மீனுமேல ஐஸக் கொட்டி விக்கிறவன இன்னான்னு சொல்லுவ? நீ பண்ணது அத்தவிட மோசம். அதத் துண்ணா வயித்தாலதான் போவும்."

"தப்புதாம்மா. யாரு பிரிச்சிப் பாக்கப்போறான்னு நெனச்சேன். வண்டியில கண்ணுக்குத் தெரியறது டேப்பு, உசுரத் தாங்கறது உள்ள கீற செம்பு. அதுல கொறைச்சா, திருட்டு இல்ல, கொலைதான்."

தன் வண்டியை அவர்களிடம் கொடுத்துவிட்டு, ஏசுபாதத்தின் பைக்கைத் தள்ளிக்கொண்டு செங்கல்பட்டை நோக்கி நடந்தார்.

மறுநாள் அதற்குத் தடித்த ஒயர் போட்டு, பியூஸ் வைத்தார். டீச்சரின் ஸ்கூட்டருக்கும் ஒயர் மாற்றினார். அந்தச் சுருளிலிருந்து எத்தனை வண்டிகளுக்கு ஒயர் போட்டோம் என்பது அவருக்கே தெரியவில்லை. தன்னிடம் ஒயர் போட்டுக்கொண்டவர்கள் வண்டியைக் கொண்டுவந்தால் அதை இலவசமாக மாற்றித் தருவதாகக் கடைவாசலில் எழுதி வைத்தார். சிலர் வந்தார்கள். மற்றவர்கள் வரவில்லை.