கம்மி கரண்ட்

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலில் இருந்தவர்கள்: இடத்துக்காரர் பாலகோபால், அவர் மனைவி பத்மாவதி, வீட்டு வயரிங் பார்க்கும் அருள்குமார், பின்பக்கத்து ஷெட்டில் கார் பட்டறை நடத்தும் லோகப்பிரியா. கேட் தூண்கள் இரண்டிலும் தூணுக்கொன்றாகப் பழைய அம்பாசிடர் ஹெட்லைட்டுகள் முழித்துக்கொண்டிருந்தன.

மூன்று வாரத்துக்கு முன் மழையில் கேட்டைத் தொட்ட பத்மாவதியை, அதில் மாட்டியிருந்த விளக்கின் கரண்ட் தூக்கி எறிந்துவிட்டது. மறுநாளே பாலகோபால் வெளி லைனை அறுத்துப்போட்டார். இருட்டிய பிறகு வாசலில் வண்டி நிற்கக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். பெரியநாயக்கன்பாளையத்து இரும்பு வார்க்கும் பவுண்டரிகளில் ஷிப்ட் விடுவதே ஆறு மணிக்குத்தான். லோகப்பிரியாவிடம் பாதி வண்டிகள் அதற்குப் பிறகுதான் வரும். வாசலில் வெளிச்சம் இல்லையென்றால் பட்டறை இல்லை. ஷாக் அடிக்காத விளக்கு போட்டுக் காட்டுகிறேன் என்று கெடு கேட்டாள். கெடு இன்றோடு முடிகிறது.

விளக்குகளை உக்கடத்தில் பழைய சாமான் கடையில் பொறுக்கினாள். துருவைத் தேய்த்தாள், தண்ணீர் புகாமல் ரப்பர் வைத்தாள். ஷெட்டுக்குள் பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. அங்கிருந்து கேட் வரை அறுபது அடி. அந்த வயரை மட்டும் அருள்குமார் இழுத்தார்.

ஸ்விட்சைப் போட்டாள். இரண்டு விளக்கும் பீடி நுனி போலச் சிவந்தன. அவ்வளவுதான்.

"இதையப் பாக்கறதுக்கே ஒரு டார்ச் வேணுமாட்ட இருக்குதே," என்றார் பாலகோபால்.

"பழைய லைட்டுங்க, உசுரு போயிருக்கும்," என்றார் அருள்குமார்.

லோகப்பிரியா மீட்டரை எடுத்தாள். பேட்டரியில் பன்னிரண்டரை. விளக்கில் ஏழு வோல்ட்தான். வயரைத் தொட்டாள், வெதுவெதுவென்று இருந்தது.

"ஏனுங்ணா, என்ன வயரு இது?"

"மெல்லிசு காலிங்பெல் வயருங்க அம்மணி. கம்மி கரண்டுதான்னு நீங்கதானுங்க போன்ல சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். இந்த ஊரில் வோல்டேஜும் கரண்டு, பில்லும் கரண்டு, ஷாக்கும் கரண்டு. குறைந்தது வோல்ட்தான். வோல்ட் குறைந்தால் அதே வெளிச்சத்துக்கு வயரில் ஓடும் கரண்ட் பல மடங்கு கூடும்; மெல்லிய வயர் அதைத் தாங்காது. தினமும் காருக்குள் கையை விடுகிறவள் அவள். வாய் மட்டும் ஊர் பேச்சைப் பேசிவிட்டது.

"தப்பு எம்மேலீங்க. நல்ல மொத்தமான வயரு இருந்தா அரை மணியில முடிச்சுப்போடுவேன்."

"இன்னைக்குன்னு பேசுனோம். இன்னைக்கு இதுதான்," என்று பாலகோபால் திரும்பினார்.

"பின்னால போர்வெல் கேபிள் சும்மா கெடக்குதல்ல?" என்றாள் பத்மாவதி.

"அது அடுத்த போருக்கு."

"மூணு போர் போட்டாச்சு. தண்ணிதான் வருல, வெளிச்சமாச்சும் வரட்டும். நீ போய் எடு கண்ணு," என்று லோகப்பிரியாவைப் பார்த்தாள்.

ஆயிரம் அடியில் இறக்கியிருந்த மோட்டாருக்குப் போன கேபிள், கட்டை விரல் மொத்தம். ஒரு முனையை அருள்குமார் தூக்கினார். லோகப்பிரியா பேட்டரிப் பக்கம் ஃபியூஸ் வைத்து முடுக்கினாள். ஸ்விட்சைப் போட்டதும் வாசலில் கிடந்த நட்டு போல்ட்டு வரை தெரிந்தது. மீட்டர் பதினொன்றைத் தாண்டி நின்றது.

"வெளிச்சம் செரி. ஷாக்கு?" என்றார் பாலகோபால்.

லோகப்பிரியா தூணடியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றி அதில் நின்று, விளக்கின் இரண்டு முனைகளையும் வெறுங்கையால் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே பத்மாவதியைப் பார்த்தாள்.

பத்மாவதி இந்த மூன்று வாரமும் கேட்டைக் காலாலேயே தள்ளிக்கொண்டிருந்தவள். மெல்ல வந்து, புறங்கையால் தூணைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள் புருஷனிடம்.

ரோட்டிலிருந்து ஒரு வேன் திரும்பி, ஹாரன் அடிக்காமல் நேராக உள்ளே வந்து நின்றது. பாலகோபால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"ஊட்டுப் பக்கம் அடிக்குது. கீழ திருப்பி வுடு. ஒம்போது வரைக்கும்தான்."

"பத்துங்க."

அவர் வீட்டுக்குள் போனார். பின்னாலேயே பத்மாவதி போய், "பத்து மணிக்குத்தானுங்க தொறப்பேன்," என்று கதவைச் சாத்தி உள்ளே பூட்டிக்கொண்டாள்.