பேசிக்கொண்டே வா

"காலை மடக்கு. இன்னும் கொஞ்சம். உக்காந்த மாதிரி இருக்கணும்," என்றார் சுமைகாரர் தோரிபியோ.

ஹஸிந்தா தன் அப்பா மெலித்தோனின் இரண்டு முழங்கால்களையும் பிடித்து மடக்கினாள். சூடு இன்னும் போகவில்லை. அரைமணி நேரம் முன்புவரை அந்தக் கால்கள் இருபது கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டு அவளுக்கு முன்னால் கணவாய் ஏறிக்கொண்டிருந்தன. டயர் செருப்பின் வார் ஒன்று அறுந்து, கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார். வேறு செருப்பு வாங்கு என்று யார் சொன்னாலும், "கம்பி அறட்டும், வாங்கறேன்" என்பார்.

பாதையோரத்துக் கல்மேல் மூட்டையை முட்டுக் கொடுத்து அவர் சாய்ந்தபோது யாரும் நின்று பார்க்கவில்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்காத சுமைகாரன் உண்டா? "கொஞ்சம்" என்று மட்டும் சொன்னார். அவர் மிச்ச வார்த்தையையும் சொல்லுவார் என்று பின்னால் வந்த சுமைகாரன் அல்பீனோ மட்டும் காத்துக்கொண்டு நின்றான். அவ்வளவுதான். சாவு சொல்லிக்கொண்டா வருகிறது?

மேலேயிருந்து வழிகாட்டி வில்பெர் ஓடி வந்தான். அவன் கூட்டிவந்த பன்னிரண்டு வெளிநாட்டுக்காரர்களும் கணவாய்க்குக் கீழே இரண்டு திருப்பம் முன்னால் மூச்சிரைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். வந்தவன் மெலித்தோனின் முகத்தைப் பார்த்தான், தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டுக்கொண்டான்.

"ரேடியோல சொல்லணும். அதிகாரி வந்து பார்த்து எழுதறவரைக்கும் ஒடம்பை அசைக்கக் கூடாது. சட்டம்."

"சட்டம் தெரியும்," என்றான் அல்பீனோ.

அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் மச்சான் இதே ஏற்றத்தில் விழுந்து செத்தான். நீலத் தார்ப்பாயைப் போர்த்தி நாலு மூலையிலும் கல் வைத்து இரண்டு ராத்திரி மழையில் கிடந்தான். அதிகாரி மலை ஏறிவர அத்தனை நேரம். பிறகு கூஸ்கோ நகரத்துக்குக் கொண்டுபோய் அறுத்துப் பார்த்தார்கள். பெண்டாட்டி கையில் மாற்றுத்துணியோடு பிணவறை வாசலில் ஒன்பது நாள் நின்றாள். செத்தவன் உடுத்தியிருந்த துணியை ஐந்தாம் நாள் ஆற்றில் துவைத்து அவன் உயிரை அனுப்பி வைக்க வேண்டும், அது ஊர் வழக்கம். துவைக்கத் துணியும் இல்லை, அனுப்ப ஆளும் இல்லை. அந்த வீட்டில் இன்றைக்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அவள் எழுந்து போய்ப் பார்க்கிறாள்.

"செத்தவன்தானே கெடக்கணும்?" என்றார் தோரிபியோ. "நோயாளி எறங்கலாம் இல்ல?"

வில்பெர் ரேடியோவைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் அம்மாவும் ஓயந்தைதாம்போவுக்கு மேலே இவர்கள் ஊரைப் போன்ற ஒரு மலையூரில்தான் உருளைக்கிழங்கு நடுகிறாள்.

"நான் மேலதானே இருந்தேன்," என்றான் கடைசியில். "மூச்சுத் திணறல், கீழ எறக்கறாங்கன்னு சொல்லிடறேன். நான் பார்க்கறப்போ மூச்சு இருந்துச்சு." திரும்பிப் பார்க்காமல் ஏறிப் போனான்.

மெலித்தோனின் மூட்டையையும் கூட இறங்கப்போகும் மூன்று பேர் மூட்டைகளையும் மற்றச் சுமைகாரர்கள் கண்மூடித் திறப்பதற்குள் பிரித்துக்கொண்டார்கள். ஒருவன் எரிவாயு உருளை, ஒருவன் அண்டா, ஒருவன் கூடாரத்துக் குச்சிகள். எடை பார்க்கும் இடம் முதல் நாளே தாண்டியாகிவிட்டது. இனி எவன் முதுகில் எவ்வளவு என்று கேட்க நாதியில்லை. விருந்தாளிகளுக்குப் பகல் சாப்பாடு பன்னிரண்டரைக்குத் தயாராக வேண்டும். அது எவர் செத்தாலும் மாறாது.

தோரிபியோ குனிந்தார். அல்பீனோ மெலித்தோனைத் தூக்கி அவர் முதுகில் உட்காரவைத்தான். சமையல் கூடாரத்துக் கயிற்றால் கட்டி, மேலே சிவப்புப் போர்வையைச் சுற்றி, காதுமறைக்கும் கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டார்கள். பார்த்தால் காய்ச்சல்காரன் மாதிரியே இருந்தது. தாடை மட்டும் தொங்கியது.

"கட்டிடலாமா மாமா?" என்றாள் ஹஸிந்தா. தோரிபியோ அவளுடைய ஞானத்தகப்பன்.

"தாடையைக் கட்டினா எந்த மடையனுக்கும் தெரிஞ்சு போயிடும். நீ பக்கத்துல நடந்து வா, கையால தாங்கிக்க. அப்புறம், பேசிக்கிட்டே வா."

"யார்கிட்ட?"

"உங்கப்பன்கிட்ட. நோயாளிகூட வர்ற மக ஊமையாவா வருவா? பாக்கறவன் சந்தேகப்படக் கூடாது."

இறங்க ஆரம்பித்தார்கள். ஹஸிந்தாவின் வாய் திறக்கவில்லை.

சொன்னால் சிரிப்பார்கள். மூன்று வருடமாக அப்பாவும் மகளும் ஒரே குழுவில் சுமை தூக்குகிறார்கள். கயிறு, அடுப்பு, தண்ணீர், பிடி, விடு. இதற்கு மேல் பேசியது கிடையாது. அவள் சுமைக்கு வருகிறேன் என்று பெயர் கொடுத்த அன்று, "பொம்பளைக்கு மலையில என்ன வேலை? என் முதுகு செத்தா போச்சு?" என்று மெலித்தோன் வீடு அதிரக் கத்தினார். அவளும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். மறுநாள் விடியுமுன் லாரியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். அதோடு இரண்டு வாயும் சாத்திக்கொண்டன. இரண்டில் எது முதலில் திறக்கும் என்று குழுவில் பந்தயம்கூட வைத்திருந்தார்கள்.

படிக்கட்டு வந்தது. அந்தக் காலத்து ராஜாக்கள் போட்ட கல், இரவு மழையில் வழுக்கியது.

"படி," என்றாள் ஹஸிந்தா. சுமைகாரன் பின்னால் வருகிறவனுக்குச் சொல்வது அது. "படி, அப்பா. மூணு படி. ஈரமா இருக்கு."

"அப்படித்தான்," என்றார் தோரிபியோ.

கீழேயிருந்து மற்றக் குழுக்களின் சுமைகாரர்கள் வரிசையாக ஏறி வந்தார்கள். மூட்டையோடு ஏறுகிறவனுக்குத்தான் மலைப்பக்கத்து வழி. இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும். முதலில் வந்தவன் நிமிர்ந்து பார்த்தான். கயிறு எப்படிக் கட்டியிருக்கிறது, கால் எப்படித் தொங்குகிறது என்று அவனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? ஒரு நொடிதான். சட்டென்று மூட்டையோடு பள்ளத்துப் பக்கம் ஒதுங்கிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் இருபது பேரும் ஒதுங்கினார்கள்.

"என்ன மெலித்தோன், காய்ச்சலா? ரெண்டு நாள்ல சரியாயிடும்!" என்று உரக்கச் சொன்னான் அவன்.

"உன் கோகா இலையெல்லாம் நேத்தே மென்னு தீர்த்துட்டியா? அதான்!" என்றான் அடுத்தவன்.

"சீக்கிரம் வா. நீ இல்லாம சூப்புல உப்பே இருக்காது."

ஒருவர்கூடத் தொப்பியைக் கழற்றவில்லை. கழற்றினால் பின்னால் வரும் வெள்ளைக்காரர்கள் கவனிப்பார்கள். மலை முழுக்கக் கூடிப் பொய் சொன்னது. தாண்டிப் போன பிறகு ஹஸிந்தா திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் ஒருவரோடும் பேசாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக்காரர்களில் முகமெல்லாம் சிவந்த ஒரு பெண் நின்றாள். மெலித்தோனைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். பையைத் துழாவி, உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கான மாத்திரை அட்டை ஒன்றை எடுத்து ஹஸிந்தாவின் கையில் திணித்தாள். சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று என்று கையாலேயே காட்டினாள். ஹஸிந்தா தலையாட்டி, அட்டையை அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள்.

"சாப்பிட்டப்புறம் ஒண்ணாம்," என்றாள் அப்பாவிடம். "பிறந்ததிலேருந்து இந்த மலையிலயே கெடக்கற, உனக்கு ஒயரம் ஒத்துக்கலியாம்."

அல்பீனோ குலுங்கிச் சிரித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதன்பிறகு வாய் தானாக ஓடியது. காட்டுவழி முழுக்கப் பேசினாள். மாடு சினையாக இருப்பது, தகரக் கூரையில் சமையல்கட்டுப் பக்கம் ஒழுகுவது, அம்மா போன வாரம் கோபித்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போய் மத்தியானமே திரும்பி வந்தது.

"இருபத்திமூணு வருஷம் இந்தப் பாதையில நடந்திருக்க. கடைசிக் கூடாரத்தோட கீழ எறங்கி ரயிலேறிடுவ. பாதை முடிவுல இடிஞ்சு கெடக்கற அந்தப் பழைய ராஜா ஊருக்குள்ள ஒரு நாளாவது போய்ப் பார்த்தியா?"

"நான் கேட்டிருக்கேனே," என்றார் தோரிபியோ, மூச்சு வாங்கிக்கொண்டே. இப்போது அல்பீனோவின் முறை. சுமை அவன் முதுகில். "உலகமே வந்து பாக்குதே, நீ பாக்கலியாடான்னு. என்ன சொன்னான் தெரியுமா? 'கூரை போடாதவன் வீட்டுக்கு எதுக்குப் போகணும்'னான்."

ஹஸிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கோபமும் வந்தது.

"ஊருக்கெல்லாம் இப்படிப் பேசுவ. மூணு வருஷம் உன் பின்னாலயே தூக்கிட்டு வந்தேன். நல்லாத் தூக்கறேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? வாயைத் திறந்தா முத்து கொட்டிடுமா?"

ஓடை ஒன்றைத் தாண்டினார்கள்.

"உன்கிட்டதான் சொல்லல," என்றார் தோரிபியோ. "எங்ககிட்டச் சொல்லி உயிரை எடுத்தான். 'பாத்தியா அவ கணவாயில நிக்காம ஏறினதை, பாத்தியா'ன்னு. எத்தனை தடவைடா பாக்கறதுன்னு நான் ஒரு நாள் சண்டையே போட்டிருக்கேன்."

ஹஸிந்தாவின் கை அப்பாவின் தாடையில் இருந்தது. இரண்டு நாள் தாடி உள்ளங்கையில் குத்தியது. கண்ணீர் மூக்கு வழியாக ஒழுகியது. அழுவதற்குக்கூட இது இடமில்லை. காய்ச்சல்காரனுக்கு யார் இப்படி அழுவார்கள்?

வழியில் வாய்யாபம்பா சோதனைச் சாவடி தெரிந்தபோது தோரிபியோ கெட்ட வார்த்தை ஒன்றை மென்று துப்பினார்.

"ரூபெர்த்தோ!"

ஆற்றுப்பாலத்து எடைச் சாவடியில் பத்து வருடம் தராசுக்குப் பக்கத்தில் நின்ற ஆள் ரூபெர்த்தோ. இந்த மாதம் மேலே போட்டிருக்கிறார்கள். அவர் தராசில் அரை கிலோ கூடினால் கூடினதுதான். கெஞ்சினாலும் அழுதாலும் முள் நகராது. மெலித்தோன் ஒருமுறை முன்னூறு கிராம் கூடுதல் என்று நிறுத்தப்பட்டு, மூட்டையிலிருந்த ரொட்டியை எல்லார் முன்னாலும் தின்று எடையைக் குறைத்துக் காட்டினார். அப்போதும் ரூபெர்த்தோ சிரிக்கவில்லை. மெலித்தோனை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சுமைகாரர் எண் நாற்பத்தொன்று, அவ்வளவுதான்.

பக்கத்தில் புதிதாக ஒரு அதிகாரி மேசைமேல் பதிவேட்டை விரித்து உட்கார்ந்திருந்தார். நகரத்து ஆள், சட்டையில் மடிப்புக் கலையவில்லை.

"பேர்? என்ன ஒடம்புக்கு?"

"மெலித்தோன் கீஸ்பே. மூச்சுத் திணறல்," என்றாள் ஹஸிந்தா. "அப்பா, சாவடி வந்துடுச்சு. கொஞ்சம் பொறுத்துக்க."

"எறக்கி உக்கார வைங்க. நாடி பார்க்கணும். நான் முதலுதவிப் பயிற்சி முடிச்சிருக்கேன்," என்று அதிகாரி எழுந்தார்.

அல்பீனோ சுமையை இறக்காமல் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். நாலடி தூரம்தான். அதிகாரி வந்து கையைத் தொட்டால் முடிந்தது. தார்ப்பாய், கல், கூஸ்கோ, வாசலில் மாற்றுத்துணியோடு அம்மா. அவள் அப்பாவின் முன்னால் போய் நின்றுகொண்டாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"நீங்க எழுதுங்க சார், நான் பார்க்கறேன்," என்றார் ரூபெர்த்தோ.

அவர் வந்து போர்வைக்குள் கைவிட்டு மெலித்தோனின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தவுடன் அவர் கண் ஹஸிந்தாவின் கண்ணைப் பார்த்தது. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தது. ஒரு நிமிடம் முழுசாகப் பார்த்தார். முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பத்து வருடம் தராசு முள்ளைப் பார்த்த அதே பார்வை.

"எழுபத்தெட்டு," என்றார். "எழுதிக்குங்க."

அதிகாரி எழுதினார்.

ரூபெர்த்தோ கையை விடவில்லை. மெலித்தோனின் முகத்துக்குக் கிட்டே குனிந்து, தொங்கின தாடையைப் பார்த்தார். தன் கழுத்திலிருந்த பழுப்புக் கம்பளித் துண்டை உருவினார். தாடைக்குக் கீழே கொடுத்து, கன்னத்தோடு இழுத்து, உச்சந்தலையில் இறுக்கி முடிபோட்டார். வாய் மூடிக்கொண்டது. தொப்பியை மறுபடி சரிசெய்தார்.

"பல்வலி வேற இருக்கு இவருக்கு," என்றார் மேசைப் பக்கம் கேட்கும்படி. "குளிர்காத்து படக் கூடாது."

பிறகு ரேடியோவை எடுத்தார். "பாலத்துச் சாவடிக்கு. நோயாளி ஒருத்தர் வர்றார். நான் பார்த்துட்டேன். நிறுத்தாதீங்க."

அவர்கள் நகர்ந்தபோது, "மெதுவாப் போங்க, மெலித்தோன்," என்றார்.

பிறகு ஆறோரமாக நாலு மணி நேரம். தோரிபியோவும் அல்பீனோவும் மாறி மாறிச் சுமந்தார்கள். உடம்பு உட்கார்ந்த வாக்கிலேயே விறைத்துவிட்டது. கட்டின கயிறு தேவையே இல்லை போல இருந்தது. ஹஸிந்தா பேசிக்கொண்டே வந்தாள். தொண்டை கட்டிக் காற்றாகத்தான் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை.

பாலத்துக்கு முன்னால் அவள் நின்றாள்.

"குடுங்க மாமா. இனி நான்."

தோரிபியோ அவளைப் பார்த்தார். மறுக்கவில்லை. குனிந்த அவள் முதுகில் இரண்டு பேருமாக மெலித்தோனை உட்காரவைத்துக் கட்டினார்கள். அவள் ஒரு கையை முழங்காலில் ஊன்றி எழுந்தாள். தோளில் அப்பாவின் தலை சாய்ந்தது. கம்பளித் துண்டு கழுத்தில் உரசியது.

சாவடிக்காரன் கையசைத்து வழிவிட்டான். தொங்குபாலம் ஆடியது. கீழே ஆறு பழுப்பாக ஓடியது. அக்கரையில் லாரி நின்றது. அவள் பாதிப் பாலம்கூடத் தாண்டவில்லை, பின்னால் தோரிபியோ சொன்னார்:

"போதும் ஹஸிந்தா. சாவடி தாண்டியாச்சு. இனிமே நீ பேச வேண்டாம்."

அவள் வாயை மூடிக்கொண்டு நடந்தாள். பலகை முடிந்தது. லாரி நின்ற மேட்டுக்கு ஏறும் கல்படிகள் எதிரே இருந்தன. அவள் நின்று, முதுகுச் சுமையை ஒருமுறை உந்திச் சரிசெய்துகொண்டாள்.

"படி, அப்பா," என்றாள். "மூணு படி."