மேலிருந்து பார்த்த மொட்டைமாடி

கம்பி ஏற்றி வரவேண்டிய லாரிகள் வரவில்லை, நாளைக்கு வேலை கிடையாது என்று மேஸ்திரி சொன்னதும், கிரேன் ஓட்டுபவனுக்குத் தூக்கமோ சினிமாவோ நினைவுக்கு வரவில்லை. அந்த மொட்டைமாடிதான் வந்தது.

மூன்று மாதமாக அது அவன் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்கும் மேலே, குளியலறை அளவுள்ள ஒரு கண்ணாடிக் கூண்டில் காலையிலிருந்து தனியாக உட்கார்ந்திருப்பது அவன் வேலை. பேச்சுத் துணை ஒரு வாக்கிடாக்கி. அதுவும் 'தூக்கு', 'இறக்கு', 'நிறுத்து' என்ற மூன்று சொற்களைத் தாண்டாது. சும்மா இருக்கும் நேரத்தில் ஊரை வேடிக்கை பார்ப்பான். தினமும் பத்து மணிக்குத் தூரத்து மொட்டைமாடி ஒன்றில் ஆறேழு பேர் வருவார்கள். வட்டமான எதையோ நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். திடீரென்று அத்தனை பேரும் நிற்பார்கள். ஒருவர் மட்டும் பின்பக்கமாகவே நடந்துபோய் மூலையில் ஒண்டிக்கொள்வார். உடற்பயிற்சி என்றால் கைகாலை வீசியிருக்கவேண்டும். நாடகம் என்றால் பார்க்க ஒரு ஆளாவது உட்கார்ந்திருக்கவேண்டும். பிரார்த்தனை என்றால் பின்பக்கமாக நடப்பானேன்?

அவன் அக்காவுக்கு போன் செய்தான். பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள் அவள். வாயைத் திறக்க மறுப்பவர்களையே பேசிப் பேசித் திறக்க வைப்பவள். முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட இவனுக்குக் கை வராது. அவளுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

"லீவு நாள்ல ஊரான் வீட்டு மாடிய எட்டிப் பாக்கவா என்னைக் கூப்புடுற?" என்றாள். அடுத்த மூச்சிலேயே, "பின்னாடியே நடக்குறாங்கன்னா சொன்ன?"

"ஆமாக்கா."

"ஒம்போது மணிக்கு வர்றேன்."

அட்டையில் ஒரு படம் வரைந்து வைத்திருந்தான். ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி, அதன் நீல மூடி, பக்கத்தில் 'ட' மாதிரி மடங்கிய ஒரு கட்டடம், அதை ஒட்டி அந்த மாடி. மேலேயிருந்து பார்த்தால் சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். தெருவில் இறங்கி நின்றபோதுதான் விஷயம் உறைத்தது. கீழேயிருந்து பார்த்தால் எந்தத் தொட்டிக்கும் மூடி தெரிவதில்லை. எந்தக் கட்டடமும் 'ட' மாதிரி இல்லை. எல்லாம் வெறும் சுவர்.

"எட்டு வருஷமா இந்த ஊர மேலேருந்து பாக்குற. எந்தப் பக்கம் போகணும்னு தெரியலையா?" என்று அக்கா சிரித்தாள்.

முதலில் ஏறிய மாடி நாலு அடுக்கு. காவலாளியிடம் அக்கா, "தண்ணித் தொட்டி மூடிய பாக்கணும்" என்றாள். அது பொய்யில்லை என்பதால் முகத்தில் அப்படியொரு தெளிவு. மேலே துணி காய்ந்துகொண்டிருந்தது. துணிக்குச் சொந்தக்காரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு இவர்களையே முறைத்தாள். அங்கேயிருந்து தன் கிரேனைப் பார்த்ததும் இவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அக்கா, நாம நேர் எதிர்ப் பக்கம் வந்துட்டோம்."

திரும்ப நடை. மீன் கடைத் தெரு, சாவி வெட்டும் கடைகள், சுவர் முழுக்கக் கடிகாரங்கள் தொங்கும் ஒரு சந்து. எல்லாவற்றையும் அவன் நின்று நின்று பார்த்தான். மேலேயிருந்து வெறும் தகரமாகத் தெரிந்த கூரைகளுக்கு அடியில் இத்தனை சரக்கு இருக்கும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? ஒரு கடிகாரமும் இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. "சாயங்காலம் ஆயிடும் போலிருக்கு, நட" என்று அக்கா முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

இரண்டாவது மாடியில் ஒரு முதியவர் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். அந்த வட்டம் பிடித்த கும்பலைப் பற்றி அக்கா கேட்டதும், "அவங்களா! காலைல அவங்க போடுற சத்தத்துல என்னால பேப்பர் படிக்க முடியல" என்று கையை நீட்டினார். அவர் காட்டிய திசையில் நீல மூடி தெரிந்தது. இரண்டு தெரு தள்ளி.

படியேறும்போதே குரல் கேட்டது. "ரிவர்ஸ்! ரிவர்ஸ்! கண்ணாடியப் பாருங்க!"

அவன் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். மாடித் தரை முழுக்க வெள்ளைக் கோட்டில் சாலை வரைந்திருந்தது. சந்திப்பு, வளைவு, வண்டி நிறுத்துமிடம், எல்லாம். ஆறு பேர் கையில் ஆளுக்கொரு பழைய ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையில் நடந்துகொண்டிருந்தார்கள். நடுவில் விசிலோடு ஒரு பெண். முப்பது வயதிருக்கும்.

"யாரு வேணும்?" என்றாள்.

அக்கா வாயெடுப்பதற்குள் இவனே பேசிவிட்டான். "மூணு மாசமா மேலேருந்து பாக்குறேங்க. என்னன்னே புரியல. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்." அவ்வளவு நீளமாக அவன் பேசி அக்கா கேட்டதே இல்லை.

அந்தப் பெண் கார் ஓட்டக் கற்றுத்தரும் டீச்சர். "மத்த இடத்துல பயந்து ஓடி வந்தவங்கதான் எங்கிட்ட வர்றாங்க. கார்ல உக்காந்ததும் கை நடுங்குது, எந்தப் பக்கம் திருப்புறதுன்னே மறந்துபோகுது. அதான் முதல்ல நடந்து பழகட்டும்னு விட்டுட்டேன். நடக்கும்போது மோதினா 'சாரி' சொன்னாப் போதும்ல?"

"மேலேருந்துன்னா எங்கேருந்து?" என்று கேட்டார் ஒரு தையல்காரர். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

அவன் கிரேனைக் காட்டினான்.

மாடியில் ஒரே அமளி. "சிக்னல்காரரா நீங்க!" என்று தையல்காரர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம்தான் கதை வெளிவந்தது. மாடிச் சாலையின் சந்திப்புக்கு விளக்கு கிடையாது. அதனால் கிரேனின் நீண்ட கை இந்தப் பக்கம் திரும்பினால் சிவப்பு, அந்தப் பக்கம் போனால் பச்சை என்று டீச்சர் வைத்திருந்தாள். இவன் மேலே கம்பியைத் தூக்கித் திருப்பும்போதெல்லாம் இங்கே ஆறு பேர் பிரேக் போட்டிருக்கிறார்கள்.

"இன்னிக்கு மட்டும் என்ன ஆச்சு?" டீச்சர் குறைபட்டுக்கொண்டாள். "காலைலேருந்து இழுத்துக்கிட்டே கிடக்கு. அரை மணி நேரமா சிவப்பு. இவங்களுக்கெல்லாம் கால் வலிக்குது."

"வேலை இல்லாதப்ப பிரேக்க விட்டுட்டுத்தான் இறங்குவோம். காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் தானா திரும்பும். இறுக்கிப் பிடிச்சா சாஞ்சுடும்" என்றான். தான் கீழே இருக்கும்போது தன் கிரேன் சோம்பலாகத் திரும்புவதை அவனும் அன்றுதான் உட்கார்ந்து பார்த்தான்.

ஆளுக்கொரு ஸ்டீயரிங் கொடுத்து இவர்களையும் நடக்க விட்டாள் டீச்சர். அக்கா வாயாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு சுற்றை முடித்துவிட்டாள். இவனோ முதல் சந்திப்பிலேயே தையல்காரர் மேல் மோதினான்.

"சாரிங்க."

"ரெண்டு பக்கமும் பாக்கணும்" என்று தையல்காரர் பெருமையாகச் சொன்னார்.

"பழக்கமில்ல. எனக்குக் கீழ மட்டும்தான் பாக்கத் தெரியும்."

மதியம் தையல்காரருக்கு முக்கியமான நேரம். ஏழு வாரம் நடந்தவர் முதல்முறையாக நிஜக் காரில் உட்காரப்போகிறார். சாவியை வாங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. "சிக்னல்காரர் கூட வந்தா ஓட்டுறேன்" என்றார். ஆகவே முன்னால் டீச்சரும், பின்னால் அக்காவும் தம்பியும்.

மூன்று முறை இஞ்சின் நின்றது. நாலாவது முறை கார் தும்மியபடி கிளம்பியது. ஆனால் எதிர் வண்டிகளுக்குக் குறுக்கே வெட்டித் திரும்பவேண்டிய இடம் வந்தாலே தையல்காரர் நேராகப் போய்விடுவார், இல்லையென்றால் சுலபமான பக்கம் திரும்பிவிடுவார். இப்படியே மீன் கடைத் தெருவை இரண்டு தரம் பார்த்தாயிற்று. ஆஸ்பத்திரி வாசலையும் பார்த்தாயிற்று. பிறகு யாருக்கும் பழக்கமில்லாத, இரண்டு பக்கமும் நர்சரிச் செடிகள் அடுக்கிய ஒரு சாலை.

"இது எந்த இடம்?" என்று டீச்சரே கேட்டாள்.

"திரும்பிப் போகணும்னா குறுக்க வெட்டித்தான் ஆகணும்" என்றாள் அக்கா. பிறகு பல் டாக்டரின் நாற்காலியில் மிரண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசும் குரலில், "ஒண்ணுமில்ல அண்ணே. மூச்ச மெதுவா விடுங்க. ஒரே நிமிஷம்தான்" என்றாள்.

தையல்காரர் மூச்சை விட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு பஸ்ஸைப் போகவிட்டார், ஒரு சைக்கிளைப் போகவிட்டார், பிறகு திருப்பினார். கார் அழகாக வளைந்து அந்தப் பக்கம் சேர்ந்தது. அக்கா கைதட்டினாள். தையல்காரர் ஓரமாக நிறுத்தி, அளவு நாடாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா, வியர்வையா என்று யாரும் கேட்கவில்லை.

செடிக் கடைகளுக்கு நடுவே ஒரு தேநீர்க் கடை இருந்தது. நால்வரும் நின்று குடித்தார்கள். கிரேன் ஓட்டுபவனின் கண் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"டீச்சர், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வட்டமா ஒரு கட்டடம் இருக்கே, நடுவுல மரம் வளந்து நிக்குது. அது என்னங்க?"

"நான் பாத்ததே இல்லையே" என்றாள் டீச்சர். தையல்காரரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தம்ளரை வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணத் தயாரானார். "போறதுக்கு எத்தனை திருப்பம் வரும்?"

"தெரியாது" என்றான் அவன். "மேலேருந்து பாத்தா நேர் கோடுதான்."

"ஏறுங்க" என்றார் தையல்காரர்.